சுவரில் பட்டாலும் ஒரு புள்ளி

பசுவந்தனையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் களம் உண்டு. தையில் அங்கே உளுந்தும் பாசியும் காயும். அதை அள்ளி முடிப்பதற்குள் மக்காச்சோளம் வந்து இறங்கும். பங்குனியில் மிளகாய் வத்தல் போட்டுக் களமே சிவந்து கிடக்கும். அந்தப் பக்கம் போனாலே தும்மல் வரும். வெள்ளாமை எல்லாம் வீடு சேர்ந்த பிறகு வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் களம் சும்மாதான் இருக்கும். போன வருஷம் அப்படிச் சும்மா கிடந்த ஒரு சாயங்காலத்தில், களத்தை ஒட்டியிருக்கும் பருத்திக் குடோன் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டேன். இஞ்சி டேப்பு வைத்து அளந்து போட்ட கட்டம். பக்கத்துக்கு ஒரு மீட்டர். அடிக்கோடு தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில். பிறகு சுவரிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி, தரையில் பக்கத்துக்கு 3 மீட்டரில் இன்னொரு கட்டம்.

அந்தத் தரைக் கட்டத்துக்குள் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் பெரியப்பா பேரன். வயது பதினான்கு. பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி தம்பி என்றே இருக்கட்டும். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. பேச்சு கொஞ்சம்தான், சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. கோவில்பட்டியில் வாங்கி வந்த ஆறாம் நம்பர் ரப்பர் கூடைப்பந்தை அவன் கையில் கொடுத்தேன்.

"எறி எய்யா, அந்தக் கட்டத்துக்குள்ள எறி."

முதல் பந்து சுவருக்கு முன்னாலேயே தரையில் விழுந்து, உருண்டு போய்ச் சுவரைத் தொட்டது. பூஜ்யம். இரண்டாவது பந்து கட்டத்தைத் தாண்டி ரொம்ப உயரத்தில் 'டொப்' என்று அடித்துத் திரும்பியது. "ஒண்ணு!" என்று கத்தினேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பந்து கட்டத்துக்குள் போகவில்லை என்பது அவனுக்கே தெரிகிறது. அப்படியிருந்தும் ஒருவர் சந்தோஷமாகக் கத்துவது அவனுக்குப் புதுசு. "சுவத்துல பட்டாலும் ஒண்ணுய்யா" என்றேன். மூன்றாவதும் சுவரில்தான், கொஞ்சம் தாழ. திரும்பி வந்த பந்து இரண்டு தடவை துள்ளி அவன் வயிற்றில் முட்ட, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். பிடித்ததற்குத் தனியாக இன்னொரு புள்ளி. நான்காவது தரையில் போனது. ஐந்தாவது சுவரில் பட்டு எங்கோ ஓடிவிட்டது. ஐந்து பந்துக்கு மொத்தம் 4 புள்ளி. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதினேன்.

இந்தக் கணக்கு நான் இட்டுக்கட்டியது இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக உலகம் முழுக்க நடக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் கூடைப்பந்து விதிகளில் 'தனிநபர் திறன் போட்டி' என்று ஒன்று இருக்கிறது. முழு ஆட்டம் ஆடுவதற்கு இன்னும் தயாராகாத பிள்ளைகளுக்கென்றே வைத்தது. எதிரணி கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. கூடைப்பந்தை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியே செய்யச் சொல்கிறார்கள். அதில் முதல் துண்டுதான் எங்கள் குடோன் சுவரில் நடந்தது. ஐந்து எறிதல். கட்டத்துக்குள் பட்டால் 3, கோட்டின் மேல் பட்டால் 2, கட்டத்துக்கு வெளியே சுவரில் எங்கே பட்டாலும் 1. திரும்பி வரும் பந்தைத் தரைக் கட்டத்துக்குள் நின்றபடி பிடித்துவிட்டால் கூடுதலாக 1. எத்தனை தடவை துள்ளி வந்தாலும் சரி. சுவரைத் தொடுமுன் தரையில் விழுந்தால் மட்டும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பந்தை ஒரு கையால் தட்டிக்கொண்டே 10 மீட்டர் ஓடுவது. ஒன்றரை மீட்டர் அகலப் பாதை. பந்து கைநழுவினால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆள் வெளியேற வேண்டியதில்லை. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி தட்டலாம். இரண்டு வாய்ப்பு, அதில் நல்ல நேரத்தைப் புள்ளியாக மாற்றிக்கொள்வார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் இரண்டு தள்ளு, இரண்டு தட்டு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும்.

மூன்றாவதுதான் கூடை. வளையத்துக்கு நேர் கீழே இருந்து அளந்து, இடமும் வலமுமாகத் தரையில் ஆறு இடம் குறித்திருப்பார்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் இரண்டு எறிதல். பக்கத்திலிருந்து போட்டால் 2, அடுத்ததில் 3, தள்ளி நின்று போட்டால் 4. பன்னிரண்டும் விழுந்தால் 36. விழாமல் பலகையிலோ வளையத்திலோ பட்டுத் தெறித்தாலும் 1 உண்டு.

இந்த 'உண்டு' என்ற இடத்தில்தான் என் மனசு நின்றுபோனது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த பள்ளி விளையாட்டு விழாக்களில் முதல் மூன்று பேருக்கு டம்ளரோ சோப்புப் பெட்டியோ கொடுப்பார்கள். நான்காவது வந்தவன் கூட்டத்தில் கலந்துவிடுவான். கடைசியில் வந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். தம்பி மாதிரிப் பிள்ளைகள் அந்த வரிசையிலேயே நின்றதில்லை. அவன் கொஞ்ச காலம் போய்வந்த ஒரு பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்றால் மற்ற பிள்ளைகளின் செருப்புக்குக் காவல் இருப்பதுதான் அவன் வேலை. அங்கே யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாவம் என்று நிழலில் உட்காரவைத்தார்கள். அந்தப் பரிவு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பத்தடி எங்கிருந்து வந்தது?

"ஆட்டத்தோட ரூல்ச மாத்திக் கொடுத்துட்டா அது எப்படி ஆட்டமாகும்?" என்று கோவில்பட்டி நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல விளையாட்டுக்காரர், கேலியாகக் கேட்கவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிர்காலம், வெளியே ஆட முடியாது. பையன்களுக்கு உள்ளேயே ஏதாவது ஆட்டம் வேண்டும் என்பதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டைக் கூடத்தின் மேல்தளக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க வளையம் 3.05 மீட்டரில் நிற்பதற்கு அதுதான் காரணம். கைப்பிடி எட்டடியில் இருந்திருந்தால் ஆட்டமும் எட்டடியில் நின்றிருக்கும். அவர் எழுதிய 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது கிடையாது; அது பிற்பாடு வந்து சேர்ந்தது. இருக்கிற கூடத்துக்கும் இருக்கிற ஆட்களுக்கும் தக்கபடி அளந்து செய்த ஆட்டம் இது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் சிறுவர் பிரிவுக்கு வளையத்தை 2.44 மீட்டருக்கு இறக்கிக்கொள்ளலாம் என்கிறபோது நெய்ஸ்மித் செய்த காரியத்தைத்தான் திரும்பச் செய்கிறார்கள்.

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் நம் பக்கம் வந்தது. ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த ஆசிரியர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெரியகுளம் மாதிரி ஊர்களில் அகில இந்தியப் போட்டி நடக்கிற அளவுக்கு அது வேர்பிடித்தது. சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். கரிசலில் மட்டும் கூடைப்பந்து அவ்வளவாக ஊன்றவில்லை. இங்கே ஹாக்கிதான் ராஜா.

வீட்டுப் பின்புறத்தில் தொடங்கியது

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் கதை ஒரு குடும்பத்து வலியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். இவர்களுடைய சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு. 1941இல் அவருக்கு மூளையில் செய்த அறுவைச் சிகிச்சை இருந்ததையும் கெடுத்தது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அவர் பராமரிப்பில்தான் இருந்தார். யூனிஸ் 1962இல் மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தையே திறந்துவிட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். நீச்சல், பந்து, குதிரை என்று எல்லாம் இருந்தது. அந்த முகாம் வளர்ந்து 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் முதல் போட்டியானது. ஏறக்குறைய ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். 2023 ஜூனில் பெர்லினில் நடந்த உலகப் போட்டிக்கு ஏழாயிரம் பேர் போல வந்திருந்தார்கள். இந்தியா அங்கே 202 பதக்கம் வாங்கியது. 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம். கிரிக்கெட்டில் ஒரு ஓவரில் என்ன நடந்தது என்பதை மூன்று நாள் பேசுகிற நாம் இதை எத்தனை பேர் பேசினோம்? இங்கே இதை நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் 2001இல் பதிவான அமைப்பு, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது.

பதக்க எண்ணிக்கையைக் காட்டிலும் அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. போட்டிக்கு முன்பே எல்லோரையும் ஒருமுறை செய்யச் சொல்லிப் புள்ளி எடுத்து, வயது, ஆண் பெண், திறமை பார்த்து ஒத்தவர்களை ஒரே பிரிவில் சேர்க்கிறார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று பேரிலிருந்து எட்டுப் பேர்வரை. 6 புள்ளி எடுத்தவன் 40 எடுத்தவனோடு மோத வேண்டியதில்லை. அவன் போட்டி 5, 7 எடுத்தவர்களோடு. முதல் மூவருக்குப் பதக்கம், எட்டாவது வரை எல்லோருக்கும் ரிப்பன். எட்டாவது பிள்ளையையும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள்.

குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டுக்குள் திருட்டும் நுழைந்திருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. அந்த அணியிலேயே ஆடிய கார்லோஸ் ரிபகோர்டா என்பவர் பத்திரிகையாளர். போட்டி முடிந்ததும் உண்மையை எழுதினார். பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் கிடையாது. தங்கத்தைத் திருப்பி வாங்கினார்கள். அதோடு முடியவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்கள் எல்லோரையும், எல்லா நாட்டினரையும், பாராலிம்பிக்ஸிலிருந்தே நிறுத்திவைத்தார்கள். 2012 லண்டனில்தான் ஓட்டம், நீச்சல், மேசைப்பந்து என்று சில விளையாட்டுகளில் கதவு திறந்தது. அவர்களுக்கான கூடைப்பந்து பாராலிம்பிக்ஸுக்கு இன்னும் திரும்பவே இல்லை. பத்துப் பேர் செய்த திருட்டுக்கு, அதில் சம்பந்தமே இல்லாத பிள்ளைகள் கால் நூற்றாண்டாக வெளியே நிற்கிறார்கள்.

கரிசலும் சக்கரமும்

இந்த மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கால் பாதம் உள்ளே போகிற அளவு வெடிப்பு. பந்தைத் தட்டினால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசியில் மழை விழுந்தால் மண் களியாகி, செருப்பில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போகும். சக்கர நாற்காலி இறங்கினால் பத்தடிக்குள் சக்கரத்தில் மண் அப்பி நின்றுவிடும். எங்கள் ஊரில் இரண்டு காலும் நடக்கவராத ஒரு அண்ணாச்சி மழைக்காலம் முழுக்கத் தெருமுனையைத் தாண்டமாட்டார். "மழை எல்லாருக்கும் வெள்ளாமை தம்பி, எனக்கு மட்டும் ஜெயிலு" என்பார்.

அவர் வயதுக்காரர்களில் பலரும் போலியோவில் கால் இழந்தவர்கள். இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரியில் வந்தது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மாதவி லதா, ஏழு மாதக் குழந்தையில் போலியோ தாக்கியவர், சென்னையில் வங்கித் துறையில் வேலை பார்த்தவர். நடுவயதில் நீந்தக் கற்று, மற்றவர்களையும் தண்ணீரில் இறக்கினார். பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கான இந்தியக் கூட்டமைப்பைச் சென்னையிலிருந்து கட்டி எழுப்பினார். 2014இல் அது பதிவானது. 1960 ரோம் பாராலிம்பிக்ஸிலேயே இருந்த ஆட்டம், நம்மிடம் ஒரு அமைப்பாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் வளையம் அதே 3.05 மீட்டரில்தான். ஒவ்வொருவருக்கும் உடம்பில் எவ்வளவு இயக்கம் இருக்கிறது என்று பார்த்து 1 முதல் 4.5 வரை எண் கொடுப்பார்கள். களத்தில் நிற்கும் ஐவரின் எண்ணைக் கூட்டினால் 14ஐத் தாண்டக்கூடாது. உடம்பின் நடுப்பகுதியையே அசைக்க முடியாத ஒருவர் 1 என்ற எண்ணோடு இருந்தால் பலசாலியான 4.5ஐ உள்ளே வைத்துக்கொள்வது எளிதாகும். பலவீனமானவர் அணிக்குத் தேவைப்படுகிறார், விதியே அப்படி.

குறைபாடு உள்ளவர்களே முன்னின்று அமைப்பு கட்டுவது நம் தென்கோடிக்கு ஒன்றும் புதிதில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையன். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் போலவே சக்கர நாற்காலியில் இருந்தபடி எஸ். சங்கரராமன் அந்தச் சங்கத்தின் பாதியைச் சுமந்தார். பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிகள் இருக்கின்றன. கரிசல் கிராமத்துக்கு இவை எல்லாமே பஸ் பிடித்துப் போகிற தூரம்.

தூரம்தான் இங்கே பெரிய முட்டுக்கட்டை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மாவட்டத் தலைநகரில் விளையாட்டுப் போட்டி நடக்கும். முதலமைச்சர் கோப்பையிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் பசுவந்தனையிலிருந்து தூத்துக்குடிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய்த் திரும்ப ஒரு முழு நாள் போகும். தம்பியின் அம்மா, எனக்கு மைனி, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர். விடிந்ததும் வேன் வந்து ஹாரன் அடிக்கும், இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. அந்த ஒரு நாளில் பிள்ளை ஓடப்போவது அரை நிமிஷம். முன்னால் பயிற்சி கிடையாது, பின்னால் தொடர்ச்சி கிடையாது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்து, விளையாட்டில் அவர்கள் பங்கெடுக்க வசதி செய்து தருவது அரசின் கடமை என்று தெளிவாகவே சொல்கிறது.

கோவில்பட்டியில் ஹாக்கி எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். பொட்டலில் குச்சி வைத்து அடித்த பிள்ளைகள், வருஷம் தவறாமல் நடந்த போட்டிகள், பாக்கெட்டிலிருந்து காசு போட்டுப் பயிற்சி கொடுத்த பெரியவர்கள். அதற்கெல்லாம் பிறகுதான் செயற்கைப் புல்தரை மைதானம் வந்தது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணிலிருந்து போனவர். யாரும் முதலில் மைதானம் கட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தேடவில்லை.

திறன் போட்டிக்கு அந்த ஹாக்கி அளவுகூடச் செலவு இல்லை. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். பெரும்பாலான ஊரில் ஒரு சிமெண்ட் களம் உண்டு, பள்ளிக்கூடச் சுவர் உண்டு. ஐந்து பந்தும் ஒரு விசிலும் ஒரு நிறுத்துக் கடிகாரமும் வாங்கினால் ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில் ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் முதல் போட்டியை நடத்திவிடலாம். முதல் துண்டுக்கு வளையமே தேவையில்லை. இரண்டாவதுக்கும் தேவையில்லை. மூன்றாவதுக்கு, ஒரு இரும்பு வளையத்தை வெல்டிங் பட்டறையில் சொன்னால் அரை நாளில் அடித்துத் தருவார்கள். விதிப்படி பலகை வைத்து மாவட்டத்துக்கு அனுப்புவது அடுத்த கட்டம். எட்டு வயது நிறைந்தால் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் போட்டியிடலாம், மேலே வயது வரம்பு கிடையாது. அந்த அண்ணாச்சிக்கு நடத்துவது வேறு கூட்டமைப்பு, வேறு விதி. ஆனால் களம் ஒன்றுதான், அதே நாளில் அவரும் சுவரில் எறிந்து பார்க்கலாம். ஊர்ப் பிள்ளைகள் பந்து பொறுக்கிக் கொடுக்கட்டும். பிறகு அவர்களும் சேர்ந்து ஆடட்டும். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுவதற்கும் 'ஒருங்கிணைந்த விளையாட்டு' என்று தனி விதிகளே இருக்கின்றன.

இதை நான் கற்பனையில் எழுதவில்லை. தம்பி எறிய ஆரம்பித்த மூன்றாவது வாரம், களத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "நாங்களும் எறியட்டுமா?" என்று கேட்டு, வரிசை கட்டி எறிந்தார்கள். அவர்களில் ஒருவன் ஐந்துக்கு ஐந்தும் கட்டத்துக்குள் போட்டான். தம்பி அவனுக்கு விடாமல் கைதட்டினான். அந்தப் பையன்தான் மறுநாளிலிருந்து தம்பிக்கு, முழங்கையை மடக்கி நெஞ்சிலிருந்து தள்ளுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தவன். எனக்கு அது தெரியாது. நான் அத்தனை நாளும் தலைக்கு மேலே தூக்கி எறியவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் தம்பி 11 எடுத்தான். இரண்டு பந்து கட்டத்துக்குள், ஒன்று கோட்டில், ஒன்று சும்மா சுவரில், ஒன்று தரையில். இரண்டு பிடி. நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன். இருட்டும் நேரம். வேனிலிருந்து இறங்கி வந்த மைனியிடம் அதை நீட்டினான். விரலெல்லாம் மருந்து அப்பியிருந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இது என்ன கொழுந்தனாரே, பதினொண்ணு?"

"மார்க்கு மைனி. மொத நாளு நாலு. இன்னைக்குப் பதினொண்ணு."

"எத்தனைக்கு?"

"இருவதுக்கு."

ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். தம்பியின் மருத்துவச் சான்று, அடையாள அட்டை, எத்தனை சதவீதம் குறைபாடு என்று அச்சடித்த தனித்துவ அட்டை, பஸ் பாஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அந்தத் தாளை நாலாக மடித்து, அட்டைக்கு முன்னால் வைத்தார். பிறகு, நாளைக்கு வேன் அரை மணி நேரம் முந்தியே வந்துவிடுமாம், பந்தை மறக்காமல் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனார்.